இரண்டாவது முறை வர முடிகிறதா?

நகரத்தில் ஏழைகள் நெருக்கமாகக் குடியிருக்கும் பகுதியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைத்தான். நான் கேட்கச் சொல்வது வேறு. போன மாதம் புதிதாகப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் இந்த மாதம் திரும்பி வந்தார்கள்?

காய்ச்சல், வயிற்றுவலி, வெட்டுக்காயம் என்றால் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். வேலையை விட்டுவிட்டு வருவார்கள், கடன் வாங்கியாவது வருவார்கள், மூன்று மணி நேரம் நிற்கச் சொன்னாலும் நிற்பார்கள். பிரஷருக்கும் சுகருக்கும் பெரும்பாலும் வலி கிடையாது. காசநோய்க்கு மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் ஆனால் இருமல் அடங்கும், பசி எடுக்கும், உடம்பு தேறும். வழக்கமான சிகிச்சையோ 6 மாதம். மீதி 4 மாதமும் அவரை நோய் இழுத்து வராது. நிலையம் திறக்கும் நேரம், வரிசையின் நீளம், மருந்து இருப்பு, ஆட்கள் பேசும் விதம் இவைதான் அவரை வரவழைக்கும், அல்லது விரட்டும். முதல் வருகைக்குக் காரணம் நோய். இரண்டாவது வருகைக்குக் காரணம் நிலையம். அதனால்தான் அதை எண்ணச் சொல்கிறேன்.

ஐ.நா. மனிதக் குடியிருப்புத் திட்டத்தின் கணக்கில் உலகம் முழுவதும் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் சேரிகளிலும் அதைப் போன்ற குடியிருப்புகளிலும் வாழ்கிறார்கள். இவர்களில் பலருக்குப் பெரிய மருத்துவமனை கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கிராமத்தில் தூரம் பிரச்சினை. நகரத்தில் அப்படியில்லை. 1981-இல் பென்சான்ஸ்கி, தாமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மருத்துவம் எட்டுகிறதா என்பதை ஐந்து கேள்விகளாகப் பிரித்தார்கள்: தேவைக்குப் போதுமான அளவு இருக்கிறதா, போய்ச் சேர முடிகிறதா, நேரமும் நடைமுறையும் ஒத்து வருகிறதா, செலவு தாங்குமா, மனம் ஒப்புகிறதா. நகரத்து ஏழைக்குப் பெரும்பாலும் அடிபடுவது மூன்றாவதில். திட்டம் போடுகிறவர்கள் அதிகம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. அதனால் புதுக் கட்டடம் எழும்புகிறது, பழைய நேரமே தொடர்கிறது.

காலை எட்டு மணிக்குத் திறந்து மதியம் ஒரு மணிக்கு மூடும் நிலையம் யாருக்காகத் திறந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களை வேலைக்கு எடுப்பது காலை ஆறு, ஏழு மணிக்குள். அதைத் தவறவிட்டால் அன்றைய கூலி முழுவதும் போச்சு. அரை நாள் கூலி என்று ஒன்று பல வேலைகளில் கிடையாது. ஆகவே இலவச மாத்திரையின் உண்மையான விலை ஒரு நாள் கூலி. மாதாமாதம் வரச்சொன்னால் வருஷத்துக்கு 12 நாள் கூலி. மாலையில் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும், படிப்பே இல்லாத வைத்தியர் ஊசிக்குக் காசு வாங்கினாலும், கணக்குப் போட்டால் அவர்தான் மலிவு. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லாததால்தான் அங்கே போகிறார்கள் என்று சொல்லப்படும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் கணக்குத் தெரிந்துதான் போகிறார்கள். அங்கே தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் ஏறுகிறது என்பது தனிக் கவலை. ஆனால் அதை நிறுத்த முதல் வழி மாலையில் நம் கதவைத் திறந்து வைப்பது. இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பகல் 12 முதல் இரவு 8 வரை என்ற நேரத்தைப் பரிந்துரைத்தது. காகிதத்தில் எழுதியது எல்லா இடத்திலும் நடக்கவில்லை என்றாலும், எழுதியவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது. எட்டு மணி நேரமும் மாலையில் வைக்க முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாள் மாலை, வார விடுமுறையில் அரை நாள் என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த மாலை நேரத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலும் ரத்தப் பரிசோதனையும் திறந்திருக்க வேண்டும். டாக்டர் மட்டும் உட்கார்ந்து, "மருந்துக்கு நாளைக் காலையில வாங்க" என்று அனுப்பினால் மாலை நேரம் வைத்தும் பயனில்லை.

அடுத்தது வரிசை. இதை யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. போட்டால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும். உதாரணமாக, எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது 60 பேர் காத்திருக்கிறார்கள், ஒரே டாக்டர், ஆளுக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 பேர். அறுபதாவது ஆள் உள்ளே போகும்போது மணி 12:55. அதற்குப் பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை. இந்த 60 பேரும் எதற்கு வந்தார்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அதில் 25 பேர் அதே மாத்திரையைத் திரும்ப வாங்க வந்தவர்களாக இருந்தால், அவர்களுக்குப் பிரஷரோ சுகரோ பார்த்து, நன்றாக இருந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பச் செவிலியரால் முடியும். எந்த எண்ணுக்கு மேல் போனால் டாக்டரிடம் அனுப்புவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். டாக்டருக்கு 35 பேர் மிச்சம். கடைசி ஆள் 10:50-க்கு உள்ளே போய்விடுவார்.

டோக்கனில் வரிசை எண்ணோடு நேரத்தையும் எழுத வேண்டும்: எட்டிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து பத்து என்று. ஒரு மணிக்கு 12 இடம் இருந்தால் 12-ஐயும் முன்கூட்டியே கொடுத்துவிடக் கூடாது. 8 கொடுத்துவிட்டு 4 இடத்தைச் சொல்லாமல் வருகிறவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ச்சலோடு வரும் குழந்தையால் நேரம் குறித்து வந்தவர்கள் எல்லாரும் தள்ளிப்போவார்கள். இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாவது தடவை யாரும் டோக்கன் நேரத்தை நம்ப மாட்டார்கள். பழையபடி விடிவதற்கு முன்பே வந்து கதவருகே நிற்பார்கள்.

இன்னொன்று, வரிசையின் முகப்பில் பார்க்கத் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, பால் குடிக்க மறுக்கும் குழந்தை, குடித்ததையெல்லாம் வாந்தியெடுக்கும் குழந்தை, எழுப்பினாலும் சுதாரிக்காத குழந்தை இவர்களுக்கு டோக்கன் கிடையாது, நேராக உள்ளே. இதை வாசலில் உள்ள காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சொல்லிக்கொடுங்கள். பல சமயம் முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

பிரஷர் பார்க்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கூட்டமான நிலையத்தில் ஒரு அம்மா வரிசையிலிருந்து எழுந்து வேகமாக வந்து முதுகு சாயாத ஸ்டூலில் உட்காருகிறார். கால் தரையில் படவில்லை. ரவிக்கைக் கை மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கை தொங்குகிறது. காற்று ஏறும்போதே "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?" என்று கேட்கிறார்கள், அவரும் பதில் சொல்கிறார். இதில் ஒவ்வொன்றும் அளவை உயர்த்திக் காட்டக்கூடியது. தாங்கல் இல்லாத கையும், நடுவில் பேசுவதும் தனித்தனியே 10 வரைகூட ஏற்றிவிடும். சரியான முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சிறுநீர் கழித்துவிட்டு வந்து 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கை மேஜை மேல் இதயத்தின் மட்டத்தில், பட்டை வெறும் தோலில், பேச்சு இல்லை, ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அதிகமாகக் காட்டும். ஆகவே இரண்டு அளவுப் பட்டையாவது வேண்டும். பெரிய பட்டை வாங்குவதற்கு ஆகும் செலவு அற்பம். அது இல்லாததால் தேவையில்லாத இரண்டாவது மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 5 நிமிடம் உட்கார வைக்க நேரமில்லை என்பார்கள். பிரஷர் பார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் முதுகு சாயும் நாற்காலி நான்கைப் போட்டு, அடுத்த நான்கு பேரை அங்கே உட்கார வைத்தால் காத்திருப்பதே ஓய்வாகிவிடும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பதிவேட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாக 130/80, 130/80, 140/90. பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாக இருக்கின்றன. ஒழுங்காகப் பார்த்து எழுதினால் ஐந்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும். எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தால் அவசரமாகப் பார்த்திருக்கிறார்கள், அல்லது பார்க்கவே இல்லை. மருத்துவம் படிக்காத மேற்பார்வையாளரும் இரண்டு நிமிடத்தில் இதைக் கண்டுபிடிக்கலாம். தன் கையைச் சரியாகப் பிடித்துப் பார்க்கவில்லை என்பது உட்கார்ந்திருக்கிறவருக்கும் தெரியும். "சும்மா கட்டிப் பார்த்துட்டு அனுப்புறாங்க" என்று அவர் வீட்டில் சொல்வார். அடுத்த மாதம் வர மாட்டார்.

மருந்து இருப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. திரும்பி வராதவர்களில் பெரும் பகுதியை இழப்பது இங்கேதான் என்பது என் கணிப்பு. 300 பேர் தினமும் அம்லோடிபின் 5 மி.கி. என்ற பிரஷர் மாத்திரை ஒன்று போடுகிறார்கள் என்றால் நாளுக்கு 300, 90 நாளுக்கு 27,000. நடுவில் 21 நாள் இருப்பு இல்லாமல் போனது. 69 நாளில் கொடுத்தது 20,700. அடுத்த காலாண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வரும் படிவத்தில், "சென்ற காலாண்டில் செலவானது" என்ற கட்டத்தில் 20,700 என்று எழுதுகிறார்கள். மேலே இருப்பவர்கள் அதையே அனுப்புகிறார்கள். அது மறுபடியும் 69 நாளில் தீர்ந்துபோகும். யாரும் திருடவில்லை, யாரும் தூங்கவில்லை; ஆனாலும் ஒவ்வொரு காலாண்டின் கடைசி மூன்று வாரமும் ஜன்னல் காலி. இதை உடைக்க ஒரே ஒரு வகுத்தல் போதும்: செலவானதை, இருப்பு இருந்த நாட்களால் வகுத்து, மொத்த நாட்களால் பெருக்க வேண்டும். 20,700-ஐ 69-ஆல் வகுத்தால் 300. அதை 90-ஆல் பெருக்கினால் 27,000. இதற்காகவே மருந்து அட்டையில் "இருப்பு தீர்ந்த தேதி", "மறுபடி வந்த தேதி" என்று இரண்டு பத்திகள் வேண்டும். பெரும்பாலான அட்டைகளில் அவை இருக்காது. பேனாவால் கோடு போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டது வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்றால், அந்த ஒரு மாதத்துக்கும், எதிர்பாராத தாமதத்துக்கு இன்னொரு மாதத்துக்கும் சேர்த்துக் கையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் மாதத்துக்கு 9,000. ஆகவே 18,000-க்குக் கீழே இறங்கியதுமே கேட்க வேண்டும், காலாண்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாதம் 20 பேர் புதிதாகச் சேர்கிறார்கள் என்றால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இருப்பு குறையும்போது மருந்தாளுநர் நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்வார்: எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்று 30 நாளுக்குப் பதிலாக 15 நாள் மாத்திரை கொடுப்பார். விளைவு, 300 பேரும் மாதத்துக்கு இரண்டு தடவை வர வேண்டும். வரிசை நீளும், கூலி இரண்டு நாள் போகும், முதலில் கைவிடுவது வேலைக்குப் போகிறவர். இது தலைகீழாக நடக்க வேண்டும். பிரஷர் கட்டுக்குள் வந்தவரை 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மாத்திரை ஆரம்பிக்கும்போதும் மாற்றும்போதும்தான் மாதாமாதம் பார்க்க வேண்டும். 300 பேரில் 200 பேர் கட்டுக்குள் இருந்து, அவர்களுக்கு 3 மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுத்தால், மாதத்துக்கு 300 வருகை என்பது ஏறக்குறைய 167 ஆகும். மிச்சமாகும் நேரத்தில் கட்டுக்குள் வராத 100 பேரை உட்கார வைத்துப் பேசலாம்.

இவ்வளவு மாத்திரையை ஒரே அறையுள்ள வீட்டில் எங்கே வைப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. மழையில் ஒழுகும் கூரை, தவழும் குழந்தை, அடுப்பின் சூடு. மூடியுள்ள ஒரு டப்பாவைக் கையோடு கொடுத்து, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி மாட்டச் சொல்லுங்கள். களப்பணியாளர் அடுத்த தடவை போகும்போது அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.

முகவரிச் சான்று கேட்பதைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு: முதல் சிகிச்சைக்கு அதைக் கேட்கக் கூடாது. வாடகைக்கு இருக்கிறவருக்கு வீட்டுக்காரர் எழுதித் தர மாட்டார். இடம்பெயர்ந்து வந்தவரின் அட்டையில் வேறு ஊர் இருக்கும். பதிவுக்கு வேண்டியவை பெயர், ஏறத்தாழ வயது, அப்பா அல்லது அம்மா பெயர், ஒரு அடையாளம் (தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது சந்து என்பது போல), இரண்டு போன் எண்கள். இரண்டாவது எண் முக்கியம். முதல் எண் மூன்று மாதத்தில் மாறிவிடும். பெண்களிடம் கேட்கும்போது அந்த போன் யார் கையில் இருக்கும் என்றும் கேளுங்கள். கருத்தடை பற்றிய நினைவூட்டல் கணவருடைய போனுக்கோ மாமியாருடைய போனுக்கோ போனால் அந்தப் பெண் திரும்ப வரவே மாட்டார்.

ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று எண்ணோடு பதிவாவது அடிக்கடி நடக்கும். கணினி இருந்தாலும் இது தீராது. ஆகவே நோயாளியின் கையில் ஒரு சின்னப் புத்தகம், பிளாஸ்டிக் உறையோடு. அதில் நோய், மாத்திரையின் பெயரும் அளவும், கடைசி மூன்று பிரஷர் அளவுகள், அடுத்து வர வேண்டிய தேதி. குடியிருப்பைக் காலி செய்து நகரத்தின் இன்னொரு மூலைக்கு அனுப்பினாலும் அங்குள்ள செவிலியர் அதை வைத்துத் தொடர முடியும்.

வராதவர்களைத் தேட, முதலில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பிரேசில் இதைத்தான் பிடித்துக்கொண்டது. 1994-இல் தொடங்கிய குடும்ப சுகாதாரத் திட்டத்தில் ஒரு டாக்டர், ஒரு செவிலியர், துணைச் செவிலியர், அதே பகுதியில் வசிக்கும் சில சுகாதாரப் பணியாளர்கள் சேர்ந்து ஒரு குழு. ஒரு பணியாளருக்கு அதிகபட்சம் 750 பேர். அந்த எண்ணிக்கைக்கு மேல் போனால் வீடு வீடாகப் போவது பெயரளவில்தான் நடக்கும். ஒருவருக்கு 2,500 பேரை ஒதுக்கிவிட்டு, ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பது அநியாயம்.

கணக்கெடுப்பு பகலில் நடந்தால் பூட்டிய வீடுகள் விட்டுப்போகும். பூட்டிய வீடு என்றால் எல்லாரும் வேலைக்குப் போன வீடு. நாம் தேடுவதே அவர்களைத்தான். அதற்கென்று தனிப் பட்டியல் போட்டு மாலையிலோ விடுமுறை நாளிலோ மறுபடி போக வேண்டும். மாடியில் தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருப்பவர்கள், கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தங்கியிருப்பவர்கள், பாலத்தின் கீழ் இருப்பவர்கள் இவர்கள் எந்த வரைபடத்திலும் இருக்க மாட்டார்கள். நடந்து போய்க் கையால் வரைந்த படம்தான் உதவும். 6 மாதத்துக்கு ஒரு முறை அதைத் திருத்த வேண்டும்.

பணியாளர் அதே சந்தில் வசிப்பதில் நன்மையும் சிக்கலும் சேர்ந்தே வரும். பக்கத்து வீட்டு அக்கா என்றால் கதவு திறக்கும். காசநோய், எச்.ஐ.வி., கருக்கலைப்பு என்றால் அதே அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பார்கள். இவற்றுக்கு வேறு பகுதிப் பணியாளரோ, வேறு நிலையத்தில் மருந்து வாங்கும் வசதியோ கேட்காமலே சொல்லிவிட வேண்டும். காத்திருக்கும் கூட்டத்தில் நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை இன்றைக்கே நிறுத்தலாம்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் "மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதினால் அந்த ஆள் மூன்று வாசலில் அலைந்துவிட்டு வீட்டுக்குப் போவார். என்ன பார்த்தோம், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம், அவர்களிடம் நாம் கேட்கும் கேள்வி என்ன என்று எழுதுங்கள். எந்தக் கட்டடம், எந்தக் கிழமை, என்ன எடுத்துப்போக வேண்டும் என்பதை வாயாலும் சொல்லுங்கள். சீட்டின் கீழ்ப்பாதி திரும்பி வருவதற்கானது. அது வராவிட்டால் மூன்றாம் நாள் போன் செய்ய வேண்டும். போகவே இல்லை என்ற பதில் நிறைய வரும், அதற்குக் காரணம் பெரும்பாலும் வண்டிச் செலவாகவோ கூட வர ஆள் இல்லாததாகவோ இருக்கும்.

இவை ஒன்றும் புதிதல்ல. சிட்னி கார்க் என்ற டாக்டர் 1940-களில் தென்னாப்பிரிக்காவின் போலேலாவில் வீடு வீடாகக் கணக்கெடுத்துத்தான் தன் நிலையத்தை நடத்தினார். அங்கே போய்க் கற்றுக்கொண்ட அமெரிக்க டாக்டர் ஜாக் கைகர், இன்னொரு டாக்டரான கவுன்ட் கிப்சனோடு சேர்ந்து 1965-இல் பாஸ்டனில் கொலம்பியா பாயின்ட் என்ற ஏழைகள் குடியிருப்புக்குள்ளேயே ஒரு சுகாதார மையத்தைத் திறந்தார். மருத்துவத் தேவை எங்கே அதிகமோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகவே இருக்கும் என்று 1971-இல் எழுதிய டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஊரில், தேடி வராதவர்களுக்கும் பிரஷர் பார்த்து வைத்திருந்தவர். 1978-இல் ஆரம்ப சுகாதாரம் பற்றி உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா-ஆட்டா அறிக்கை இதையெல்லாம் அரசுகளின் கடமை என்றது.

கடைசியாக, அந்தத் திரும்பி வந்தவர் கணக்கை எப்படிப் போடுவது. ஒரு மாதத்தில் சிகிச்சை ஆரம்பித்த எல்லாரையும் பதிவேட்டின் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தேதிவாரியாக மற்ற நோயாளிகளோடு கலந்து எழுதினால் யார் வரவில்லை என்பது தெரியவே தெரியாது. பெயருக்கு எதிரே மாதத்துக்கு ஒரு கட்டம், வந்தால் பிரஷர் அளவு, வராவிட்டால் காலி. ஒவ்வொரு வாரமும் ஒரு நாள், கூட்டம் குறைந்த நேரத்தில், குறித்த தேதி தாண்டி 7 நாள் ஆனவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எடுத்து போன் செய்யுங்கள். "ஏன் வரல?" என்று அதட்டக் கூடாது. மாத்திரை கையில் இருக்கிறதா, போட்டதும் ஏதாவது தொந்தரவு இருந்ததா, எந்த நேரம் வந்தால் வசதி என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். அம்லோடிபினால் கால் வீங்குவதும், சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரையை, கழிப்பறை இல்லாத வேலையிடத்துக்குப் போகிறவர் நிறுத்திவிடுவதும் இப்படித்தான் தெரியவரும். டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக்கொடுக்கலாம். போன் எடுக்காதவர்களின் பட்டியலை அன்று மாலையே களப்பணியாளரிடம் கொடுங்கள். காரணத்தை அந்தக் காலிக் கட்டத்திலேயே இரண்டு சொல்லில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தை வாசித்தால், மாலை நேரம் கூட்ட வேண்டுமா, மருந்து முன்கூட்டிக் கேட்க வேண்டுமா, ஜன்னலில் இருப்பவரிடம் பேச வேண்டுமா என்று தெரிந்துவிடும்.